கம்பியூட்டர் காலையில் எழும்ப மறுக்கிறதா?



நமது லயங்களுக்குள்ளும் இன்று கம்பியூட்டர் வந்துவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு, பிள்ளைகளின் படிப்புக்கென்று சீட்டுக் காசிலும் கடனிலும் மேசைக் கணனி வாங்கிய குடும்பங்கள் உண்டு. இவற்றில் பல, ஏதோ ஓர் அலுவலகத்தில் பல வருடம் உழைத்துவிட்டு, பாவித்த சாமானாக மலைக்கு ஏறி வந்தவை.

இப்படிப்பட்ட கம்பியூட்டர்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. இராத்திரி நன்றாக வேலை செய்கிறது. விடியற்காலையில் பட்டனை அமத்தினால் சத்தமே இல்லை. நாலைந்து தடவை அமத்தினால் ஒருதரம் உறுமிவிட்டு அடங்கிவிடும். பத்து மணிக்கு வெயில் ஏறிய பிறகு, ஒன்றுமே நடக்காதது போல் வேலை செய்யும். "நேத்து ராத்திரி நல்லாத்தானே இருந்துச்சு" என்று வீட்டார் யோசிப்பார்கள். சிலர் பட்டனைப் போட்டு அடித்து அதையும் உடைத்துவிடுவார்கள். இன்னும் சிலர் கடைக்குக் கொண்டுபோய், "மதர்போர்ட் போயிருச்சு, புதுசு போடணும்" என்ற பேச்சை நம்பி, பல நாள் பேரை ஒரே நாளில் கொடுத்துவிட்டு வருவார்கள்.

இந்தப் பாடத்தில் நாம் படிக்கப் போவது இதுதான்: குளிரில் எழும்பாமல், சூடேறிய பின் எழும்பும் கம்பியூட்டர் தன் நோயைத் தானே சொல்லிக் காட்டுகிறது. அதை ஒழுங்கு முறையாகக் கவனித்தால், காசு செலவழிக்கும் முன்பே நோய் எங்கே என்று அநேகமாகக் கண்டுபிடித்து விடலாம். ஓ.எல். படிக்கும் பிள்ளையும் வீட்டுப் பெரியவர் ஒருவரும் சேர்ந்து இருந்தால் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது?

நம் நாட்டில் வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட். கம்பியூட்டரின் உள்ளுறுப்புகளுக்கு இவ்வளவு கரண்டைத் தாங்க முடியாது. ஆகவே பெட்டியின் பின்பக்கத்தில், மின்விசிறியுடன் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். வயர் மாட்டும் இடமும் அதில்தான். இதற்குப் பெயர் பவர் சப்ளை. இது 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்து, மற்ற உறுப்புகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது.

நாம் பட்டனை அமத்தியதும் பவர் சப்ளை வேலையைத் தொடங்கும். மூன்று வோல்ட்டும் சரியான அளவுக்கு வந்து நிலைத்த பிறகு, "எல்லாம் சரி" என்று மதர்போர்ட்டுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். இது அரைச் செக்கனுக்குள் நடந்து முடிய வேண்டும். பெரட்டில் எல்லோரும் வந்து நின்ற பிறகுதானே வேலை பிரிப்பார்கள்? அதைப் போலத்தான். அந்தச் சமிக்ஞை வராவிட்டால் கம்பியூட்டர் எழும்பாது.

தொடங்கும் நேரம்தான் பாரமான நேரம் என்பதையும் கவனியுங்கள். நின்றிருக்கும் ஹாட் டிஸ்க் சுழலத் தொடங்கும் போது, 12 வோல்ட்டில் 2 அம்பியர் வரை இழுக்கும். சுழன்ற பிறகு அவ்வளவு தேவையில்லை. லொறி ஓடிக்கொண்டிருக்கும் போது பிரச்சினை இல்லை, ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும் போதுதான் கஷ்டம் என்பது போல.

குளிருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பவர் சப்ளைக்குள்ளும் மதர்போர்ட்டிலும் சிறிய தகர டப்பா போன்ற உறுப்புகள் நிற்கும். இவை கப்பாசிட்டர்கள். பாடப் புத்தகத்தில் கொள்ளளவி என்று படித்திருப்பீர்கள். நமது பீலித் தண்ணீர் சில நேரம் அதிகமாகவும் சில நேரம் குறைவாகவும் வரும். ஒரு தொட்டி கட்டி அதில் சேர்த்து எடுத்தால் ஒரே சீராகக் கிடைக்கும். கரண்டுக்கு அப்படியான தொட்டிதான் கப்பாசிட்டர்.

இந்த டப்பாவுக்குள் அலுமினியத் தாளும், ஒரு திரவத்தில் ஊறிய கடதாசியும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வருடக் கணக்கில் சூட்டில் வேலை செய்ததில் அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து போகும். வெப்பம் 10 பாகை கூடினால் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது தொழில் தெரிந்தவர்களின் கணக்கு. தூசி அடைத்த பெட்டியில் சீக்கிரம் கெட்டுப்போவது இதனால்தான்.

திரவம் குறைந்த கப்பாசிட்டருக்குக் குளிர் பிடிக்காது. குளிரில் மிச்சமிருக்கும் திரவமும் தடித்து, கரண்டைத் தடுக்கும். தொட்டியின் வாய் அடைத்துக்கொண்டது போலத் தேவையான நேரத்தில் தேவையான அளவு வெளியே வராது. வோல்ட் தடுமாறும், "எல்லாம் சரி" சமிக்ஞை போகாது. நாலைந்து தடவை முயன்றால் உள்ளே கொஞ்சம் சூடேறி, திரவம் இளகி, கம்பியூட்டர் எழும்பிவிடும்.

நுவரெலியா 6,000 அடிக்கும் மேல் இருக்கும் ஊர். தை, மாசி மாதங்களில் அங்கே புல்லில் உறைபனி பூக்கும் நாட்களும் உண்டு. கொழும்பு வெக்கையில் தன் நோயை மறைத்து வைத்திருந்த பவர் சப்ளை, நம் ஊர் விடியற்காலையில் மறைக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறது.

முதலில் நம் உயிர்

எந்தப் படியைத் தொடங்கும் முன்பும் இவற்றை மனதில் வையுங்கள்.

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றாமல் கம்பியூட்டர் பெட்டியைத் திறக்கக் கூடாது. சுவிச்சை மட்டும் நிறுத்தினால் போதாது. ஈரக் கையோடும், ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடும் நிற்க வேண்டாம்.

பவர் சப்ளை என்ற அந்த இரும்புப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் சில நேரம் அது அங்கேயே இருக்கும். ஆளைக் கொல்லப் போதுமான கரண்ட் அது.

கம்பியூட்டரின் இரும்பு உடம்பைத் தொட்டால் 'சுர்' என்று அடிக்கிறதா? அப்படியென்றால் வீட்டு வயரிங்கில் ஏர்த் சரியில்லாமல் இருக்கலாம். உடனே பாவனையை நிறுத்தி, தகுதியுள்ள மின் வேலைக்காரரைக் கொண்டு ஏர்த்தையும் ட்ரிப் சுவிச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். கம்பியூட்டர் அதற்குப் பிறகுதான்.

எந்த வகை நோய்?

"வேலை செய்யலே" என்று மட்டும் சொன்னால் நோய் விளங்காது. மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் வகை: பட்டனை அமத்தினால் விளக்கும் இல்லை, விசிறியும் சுற்றவில்லை. அல்லது ஒரு கணம் சுற்றி நின்றுவிடுகிறது. இது கரண்ட், வயர், பவர் சப்ளை சம்பந்தப்பட்டது.

இரண்டாம் வகை: விசிறி சுற்றுகிறது, ஆனால் திரையில் ஒன்றும் இல்லை. சில வேளை 'பீப், பீப்' என்று சத்தம் வரும். இது மொனிட்டர், ரெம், மதர்போர்ட், அல்லது பலவீனமான பவர் சப்ளை.

மூன்றாம் வகை: கம்பனியின் பெயர் திரையில் வந்து, அதற்குப் பிறகு நின்றுவிடுகிறது. இங்கே பவர் சப்ளையை மட்டும் சந்தேகிக்க முடியாது. ஹாட் டிஸ்க்காகவோ விண்டோஸாகவோ இருக்கலாம்.

ஒரு கொப்பியை எடுத்து ஒரு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போட்டோம், எத்தனையாவது தடவையில் எழும்பியது, விசிறி சுற்றியதா, சத்தம் வந்ததா. விடியற்காலையில் 5 தடவை, பகலில் ஒரே தடவை என்று கொப்பி காட்டினால், நோய் குளிரோடு சேர்ந்தது என்பது உறுதி.

படிப்படியாகப் பார்ப்போம்

செலவில்லாத வேலைகளை முதலில் செய்வோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நாலு வேலையை ஒன்றாகச் செய்தால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும்.

படி 1. கரண்ட் சரியாக வருகிறதா? அதே சொக்கட்டில் ஒரு மேசை விளக்கை மாட்டிப் பாருங்கள். மங்கலாகவோ துடித்தோ எரிந்தால் குறை வீட்டுக் கரண்டில். மல்டி பிளக்கைக் கழற்றிவிட்டு, கம்பியூட்டரை நேரே சுவர்ச் சொக்கட்டில் மாட்டுங்கள். கேத்தலோ ஹீட்டரோ போட்டிருக்கும் நேரத்தில் கம்பியூட்டரைத் தொடங்க வேண்டாம்.

படி 2. பின்பக்கம் பாருங்கள். வயர் இறுக்கமாக இருக்கிறதா? பவர் சப்ளையின் சிறிய சுவிச் கோடு போட்ட பக்கம் அமத்தப்பட்டிருக்கிறதா? சில பழையவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிச் ஒன்று இருக்கும். அது 230இல் நிற்க வேண்டும். 115இல் வைத்து நம் நாட்டுக் கரண்டைக் கொடுத்தால் உள்ளே வெடித்துவிடும்.

படி 3. அரை மணி நேரப் பரீட்சை. இது செலவில்லாத, ஆனால் நல்ல பரீட்சை. இரவு பிளக்கைக் கழற்றி வையுங்கள். காலையில் பிளக்கை மாட்டி, சுவிச்சைப் போட்டு, கம்பியூட்டரின் பட்டனை அமத்தாமல் அரை மணி நேரம் விடுங்கள். பட்டனை அமத்தாவிட்டாலும் பவர் சப்ளையின் ஒரு பகுதி வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் பெட்டி இலேசாகச் சூடேறும். மாட்டிய உடனே எழும்பாதது, அரை மணிக்குப் பிறகு எழும்பினால் பவர் சப்ளை மீது சந்தேகம் பலமாகிறது. வீட்டில் ஆள் இருக்கும் போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

படி 4. பாரத்தைக் குறையுங்கள். பிரிண்டர், பென் டிரைவ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மொனிட்டரும் கீபோர்ட்டும் மட்டும் வைத்துப் போடுங்கள். மறந்துபோய் விட்ட பென் டிரைவ் ஒன்றினாலேயே கம்பியூட்டர் பாதியில் நிற்பதுண்டு. மொனிட்டரின் சொந்த விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். மொனிட்டருக்குள்ளும் கப்பாசிட்டர் உண்டு, அதற்கும் குளிர் நோய் வரும்.

படி 5. பெட்டியைத் திறந்து துப்புரவாக்குங்கள். பிளக்கைக் கழற்றி, பட்டனை 15 செக்கன் அமத்திப் பிடித்து, 10 நிமிடம் பொறுத்து, பக்கத் தகட்டைத் திறவுங்கள். விறகடுப்புப் புகையும் தூசியும் சேர்ந்து கம்பளி போல ஒட்டியிருக்கும். காய்ந்த புதுப் பெயின்ட் பிரஷ்ஷினால் மெதுவாகத் தட்டி எடுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். ஈரத் துணி வேண்டாம்.

துடைக்கும் போதே மதர்போர்ட்டிலுள்ள கப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. உப்பிப் போயிருந்தாலோ, மண்ணிறமாகக் கசிந்து காய்ந்திருந்தாலோ அது கெட்டது. 2000ஆம் ஆண்டை அடுத்து வந்த சில வருடங்களில் தரம் குறைந்த கப்பாசிட்டர்கள் உலகமெங்கும் பல கம்பியூட்டர்களில் போடப்பட்டு உப்பிப் போயின. மிகப் பழைய கம்பியூட்டர் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

படி 6. ரெம்மைக் கழற்றி மாட்டுங்கள். மூடுபனி நாட்களில் ஈரக்காற்று பட்டு ரெம்மின் பொன்னிற முனைகளில் அழுக்குப் படியும். முதலில் பெட்டியின் இரும்பைத் தொட்டு உங்கள் உடம்பிலுள்ள நிலைமின்னைப் போக்கிக் கொள்ளுங்கள். இரு பக்கக் கொழுக்கியையும் திறந்து ரெம்மை எடுத்து, சுத்தமான அழிறப்பரால் முனைகளை இலேசாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டி, 'கிளிக்' என்று சத்தம் வரும் வரை மாட்டுங்கள். 'பீப்' சத்தத்தோடு நிற்கும் பல கம்பியூட்டர்கள் இதனாலேயே சுகமாகும்.

படி 7. காசுப் பற்றரி. மதர்போர்ட்டில் பத்து ரூபாய்க் குற்றி போன்ற ஒரு பற்றரி இருக்கும். அதிகமாகப் பாவிக்கப்படுவது சீ.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பற்றரி. கம்பியூட்டரைப் போடும் ஒவ்வொரு தடவையும் திகதியும் நேரமும் பின்னுக்குப் போயிருந்தால் இது முடிந்துவிட்டது. விலை குறைந்தது. பழையது எப்படி இருந்ததோ அப்படியே, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதைப் போடுங்கள். சிறு பிள்ளைகள் இதை விழுங்கினால் உயிராபத்து. பழைய பற்றரியையும் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

படி 8. வேறு பவர் சப்ளையை மாட்டிப் பார்ப்பது. இதுதான் தீர்ப்புச் சொல்லும் பரீட்சை. நன்றாக வேலை செய்யும் ஒன்றைத் தெரிந்தவரிடமோ கடையிலோ இரவல் வாங்கி, தெரிந்த ஒருவரைக் கொண்டு மாட்டுங்கள். மூன்று விடியற்காலைகள் முதல் தடவையிலேயே எழும்பினால் நோயாளி யாரென்று தெரிந்துவிட்டது. புதிது வாங்கும் போது அதன் வாட் அளவு பழையதை விடக் குறையக் கூடாது. சில அலுவலகக் கம்பியூட்டர்களின் பவர் சப்ளை அளவிலும் பிளக்கிலும் வித்தியாசமானது. ஆகவே பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

செய்யக் கூடாதவை

குளிர்தானே காரணம் என்று கம்பியூட்டரை அடுப்பின் பக்கத்தில் வைப்பதும், முடி காயவைக்கும் கருவியால் சூடுகாட்டுவதும் வேண்டாம். புகையும் சூடும் மிச்சமிருக்கும் ஆயுளையும் குறைக்கும். குளிர்ந்து போன இரும்பைத் திடீரென்று சூடான, ஈரமான இடத்துக்குக் கொண்டு வந்தால் உள்ளே பனித்துளி கட்டும். மழையில் பஸ்ஸில் கொண்டு வந்த கம்பியூட்டரையும் சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

"நிப்பாட்டினாத்தானே எழும்பாது, நிப்பாட்டாமலே விட்டுடுவோம்" என்று இரவு பகலாக ஓடவிடுவோரும் உண்டு. கரண்ட் பில் ஏறும். தேய்ந்த கப்பாசிட்டர் இன்னும் தேயும். அடுத்த முறை கரண்ட் போய் வரும் போது அது ஒரேயடியாகப் படுத்துவிடலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை.

கடைக்குப் போகும் போது

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாம் பஸ் ஏறி டவுனுக்குப் போய்ச் சேரும் போது பகலாகிவிடும். கடையில் சுவிச்சைப் போட்டால் கம்பியூட்டர் உடனே எழும்பிவிடும். "ஒரு பிழையும் இல்லையே" என்று அனுப்பிவிடுவார்கள். அல்லது விண்டோஸைத் திரும்பப் போட்டுக் காசு வாங்குவார்கள். குளிரில் எழும்பாத நோய்க்கு விண்டோஸை மாற்றுவது மருந்தல்ல. ஆகவே கொப்பியைக் காட்டி, தெளிவாகப் பேசுங்கள்:

"தம்பி, இது விடியக்காலையில எழும்ப மாட்டேங்குது, வெயில் வந்தா எழும்புது. ஒரு ராத்திரி இங்கேயே வச்சு, காலையில கடை திறந்த உடனே போட்டுப் பாருங்க. முதல்ல வேற பவர் சப்ளை ஒண்ணு மாட்டிப் பாருங்க. மதர்போர்ட் மாத்துறதா இருந்தா எங்களைக் கேட்டுட்டு மாத்துங்க. ஹாட் டிஸ்க்கில பிள்ளையோட பாடம் இருக்கு, அதை அழிக்க வேணாம். கழட்டின பழைய சாமானை எங்க கையில குடுத்துருங்க."

நேர்மையான வேலைக்காரர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். அவருக்கும் வேலை சுலபமாகும்.

இன்றே செய்ய வேண்டியது

இந்த நோய் தானாகச் சுகமாவதில்லை. முதலில் இரண்டு தடவை, பிறகு ஐந்து, பிறகு பத்து என்று கூடி, ஒரு காலையில் எழும்பவே எழும்பாது. அந்தக் காலை பிள்ளையின் செயற்றிட்டம் ஒப்படைக்க வேண்டிய நாளாகவும் இருக்கலாம். எனவே அடுத்த தடவை எழும்பியவுடன் முதல் வேலையாக, பிள்ளையின் பாடக் குறிப்புகள், படங்கள், பிறப்புச் சான்றிதழ் போன்ற பத்திரங்களின் பிரதிகள் எல்லாவற்றையும் பென் டிரைவ் ஒன்றில் பதிந்து வையுங்கள். திருத்த வேலை அதற்குப் பிறகு.

ஏற்கெனவே நின்றுபோய்விட்டதா? மனம் தளர வேண்டாம். எழுதியதெல்லாம் இருப்பது ஹாட் டிஸ்க்கில். பவர் சப்ளை செத்தாலும், மதர்போர்ட் செத்தாலும், ஹாட் டிஸ்க் நன்றாக இருந்தால் அதை வேறொரு கம்பியூட்டரில் மாட்டி எடுத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் கம்பியூட்டரை அப்படியே பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

இனி நோய் வராமலிருக்க: பெட்டியைத் தரையில் வைக்காமல், ஈரச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பலகையின் மேல் வையுங்கள். குசினிப் புகை வராத காம்பராவாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் கூடிய மாலை நேரங்களில் பிளக்கைக் கழற்றி வையுங்கள். கரண்ட் போனால் உடனே பிளக்கைக் கழற்றி, திரும்பி வந்து 5 நிமிடம் சென்ற பிறகு மாட்டுங்கள்.

விடை சொல்லிப் பாருங்கள்

1. பவர் சப்ளை எந்தெந்த வோல்ட்டுகளைக் கொடுக்கிறது?
2. பகலில் எழும்பும் கம்பியூட்டர் விடியற்காலையில் எழும்பாதது ஏன்?
3. பவர் சப்ளைப் பெட்டியை நாம் ஏன் திறக்கக் கூடாது?
4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது ஏன்?
5. பிள்ளையின் பாடங்கள் கம்பியூட்டரின் எந்த உறுப்பில் இருக்கின்றன?

பிள்ளைகள் இந்தக் கேள்விகளை அம்மா அப்பாவிடம் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் சேர்ந்து திரும்ப வாசியுங்கள். பக்கத்துக் காம்பராவிலும் ஒரு கம்பியூட்டர் காலையில் எழும்பாமல் கிடந்தால், இந்த இதழை அவர்களுக்கும் கொடுத்து உதவுங்கள்.